முடிச்சூர் டூ சயாம்... ஒரு மீட்டர் கேஜ் டூர்!

உங்க அப்பா ரிட்டயர் ஆனதும் என்ன செய்வார்? காலையில் வாக்கிங், அப்புறம் பேப்பர், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர். எங்க அப்பாவும் அப்படித்தான் செட்டில் ஆவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தாம்பரம் கார் ஷெட்டில் மின்சார ரயிலுக்கு ஃபிட்டராக வேலை பார்த்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்புக்கு நடுவில் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"பாப்பா, நானும் அம்மாவும் நவம்பர்ல தாய்லாந்து போறோம். அங்கேர்ந்து ரயில்லயே மலேசியா. பேக்பேக்கிங்."

முள் சிக்கியது என் தொண்டையில்தான்!

"டூர் பேக்கேஜாப்பா?"

"இல்லம்மா. டிக்கெட் நாமளே போடறது. பஸ், ரயிலு, படகு. தங்கறது ஹாஸ்டல்."

ஹாஸ்டல்! மூன்றாம் வருடம் சிவில் படிக்கிற நானே தினமும் வீட்டிலிருந்து காலேஜ் போய் வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய அம்மாவும் அறுபது வயது அப்பாவும் பங்க் பெட்டில் படுக்கப் போகிறார்களாம். கேட்டால், யூடியூபில் பார்த்தார்களாம்.

அவர்கள் பார்த்தது யாரை என்று சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்று ஒரு சின்ன டீக்கடை. நடத்தியவர்கள் விஜயன், மோகனா தம்பதி. கடை வருமானத்தில் தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். பத்தாததற்கு லோன். ஒரு நாட்டுக்குப் போய் வருவது, அந்தக் கடனை அடைப்பது, மறுபடி லோன், அடுத்த நாடு. இப்படியே 26 நாடுகள்! 'இன்விசிபிள் விங்ஸ்' என்று ஆவணப்படமே வந்திருக்கிறது. 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமாகிவிட்டார்.

"அவங்க டிராவல்ஸ் குரூப்போட போனவங்கம்மா. நீங்க தனியா போறீங்க" என்று பாயின்ட்டைப் பிடித்தேன். அம்மா அசரவில்லை. "அந்தம்மா வீட்டுக்காரர் போறதுக்குள்ள 26 ஊரு பாத்துட்டாங்க. நான் செங்கல்பட்டு தாண்டினது மூணு தடவ."

சரி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் எதிர்ப்புக்குக் காரணம் அவர்கள் உடம்பு இல்லை. அம்மாவுக்கு சுகர் இருக்கிறது என்று வாய் சொன்னாலும் மனசு சொன்னது வேறு: எனக்கு ஒரு ஸ்கூட்டி வேண்டும். முடிச்சூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாகத் தொங்கிப் போய்ப் பாருங்கள், என் வலி புரியும். அந்தப் பணம் அம்மாவுடையது. சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம் தைத்துவிட்டு நின்றபோது கிடைத்த பி.எஃப். பணம். ஒன்றேகால் லட்சம் சொச்சம். ஒரு ஸ்கூட்டி விலை!

"யாரோ டீக்கடைக்காரரைப் பார்த்துட்டு என் வண்டியில கை வெக்கறீங்களே" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் அம்மா அதைச் சொன்னார்.

பாட்டியின் பொட்டு

எங்கள் ஹாலில் அம்மாவின் பாட்டி படம் ஒன்று மாட்டியிருக்கும். பெரிய குங்குமப் பொட்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தப் பாட்டியின் கணவர், அதாவது அம்மாவின் தாத்தா, ஆரணிப் பக்கத்து ஊரிலிருந்து 1937-ல் மலேயாவுக்குக் கப்பலேறியவர். ரப்பர் தோட்டத்து வேலை. அப்போது பாட்டி மாசமாக இருந்தார். சுங்கை பட்டாணியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பணம் வந்திருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலேயாவுக்குள் நுழைந்தது. அதோடு எல்லாம் நின்றுவிட்டது.

சண்டை முடிந்து ஊர் திரும்பிய யாரோ ஒருவர், "சயாமுக்கு ரயில் போடறதுக்குன்னு ஆளுங்கள பிடிச்சிட்டுப் போனான் ஜப்பான்காரன். அதுல உங்க ஆளும் போனாரு" என்று சொன்னாராம். செத்தார் என்று சொல்லவில்லை. வருவார் என்றும் சொல்லவில்லை. அதனால் பாட்டி பொட்டை அழிக்கவில்லை. 1991-ல் சாகிற வரைக்கும்! ஊரில் சிலர் ஜாடையாகப் பேசியும் இருக்கிறார்கள். "சேதி வரட்டும், அழிச்சுக்கறேன்" என்பாராம்.

அந்தத் தாத்தாவின் கடிதம் ஒன்றே ஒன்று எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. 'இருந்தது' என்று ஏன் சொல்கிறேன் என்பது முடிச்சூர், வரதராஜபுரம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 டிசம்பர். அடையாறு பொங்கி எங்கள் தெருவில் படகு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது, படகில் ஏறப் போகிறோம் என்று குஷியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. ரேஷன் கார்டு, அப்பாவின் சர்வீஸ் பேப்பர், என் ரிப்போர்ட் கார்டு எல்லாவற்றையும் காயவைத்துக் காப்பாற்றினார்கள். கடிதம் கூழாகிவிட்டது.

"எந்தத் தோட்டம்னு அதுல எழுதியிருந்துச்சு. சரியா படிச்சு வெக்காம விட்டுட்டேன்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். நான் ஸ்கூட்டி பற்றி அதற்கப்புறம் பேசவில்லை. கொஞ்ச நாளைக்கு!

பல்லாவரம் சந்தையில் பன்னாட்டுப் பை

வெளிநாட்டுப் பயணத்துக்கான பேக்பேக் எங்கே கிடைக்கும்? மாலுக்கு ஓடாதீர்கள் பாஸ். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். பழைய டிரங்க் ரோட்டில் கோழிக்குஞ்சிலிருந்து கம்ப்யூட்டர் மதர்போர்டு வரை கடை விரித்திருப்பார்கள். அங்கே அம்மா இரண்டு செகண்ட் ஹேண்ட் பைகளைப் பிடித்தார். ஒன்றுக்கு 900 சொன்னார் கடைக்காரர். அம்மா தையல் பிரிகிற இடத்தை எல்லாம் தொட்டுக் காட்டி, "இத நான் வீட்ல போயி டபுள் தையல் போடணும். நூல் காசு யார் தருவா?" என்று கேட்டு, இரண்டையும் 1,100-க்கு முடித்தார். பத்தொன்பது வருட அனுபவமாச்சே!

அடுத்தது டிரெயினிங். ஆளுக்கு ஏழு கிலோ, பைக்குள் அரிசி மூட்டை. அதை மாட்டிக்கொண்டு திருநீர்மலைப் படி ஏறினார்கள். கீழே நீர்வண்ணர், மேலே ரங்கநாதர். மூன்று வாரம் ஏறியதில் அம்மாவின் சுகர் கொஞ்சம் இறங்கியது, பெருமாள் கணக்கிலா நடைக் கணக்கிலா தெரியவில்லை. தெருவில் விசாரித்தவர்களிடம் அப்பா, "சபரிமலைக்குப் பிராக்டிஸ்" என்று சொல்லிச் சமாளித்ததும் நடந்தது.

என் பங்கு பேப்பர் வேலை. தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா இல்லாத அனுமதி கொடுத்தது. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து 30 நாள். இது அடிக்கடி மாறுகிற சமாச்சாரம், கிளம்புவதற்கு முன்னால் தூதரக இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாடுகளுக்குமே வருகைப் படிவத்தை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். 'தொழில்' என்ற கட்டத்தில் அம்மாவுக்கு 'ஹவுஸ்வைஃப்' என்று போட்டேன். "டெய்லர்னு போடுடி" என்று திருத்தினார்.

கிளம்புகிற நாள். "கேப் புக் பண்ணவா?" என்றால் அப்பா முறைக்கிறார். முப்பது வருடம் ரயிலுக்கு நட்டு முடுக்கியவர் காரில் போவாரா? தாம்பரத்தில் ஏறி சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். இறங்கி சுரங்கப்பாதையில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்தால் ஏர்போர்ட். ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். கூட்டத்தில் முதுகுப் பையை எப்படி முன்பக்கம் மாட்டுவது, எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீக் அவரில் கோட்டை போகிற வண்டியில் ஏறி இறங்கத் தெரிந்த எவரும் பாதி பேக்பேக்கர்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"நம்ம கேஜ், பாப்பா!"

பாங்காக்கில் இறங்கியதும் அரண்மனை, புத்தர் சிலை என்று போட்டோ வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு வீடியோ. ஹுவா லம்போங் என்ற பழைய ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் ஓரமாகக் குந்தி உட்கார்ந்துகொண்டு அப்பா தண்டவாளத்தைக் காட்டுகிறார். "பாரு பாப்பா... மீட்டர் கேஜ்! நம்ம கேஜ்!"

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு சின்ன ஃபிளாஷ்பேக் தேவை. நாம் இப்போது ஏறுகிற பீச், தாம்பரம் மின்சார ரயில் 1931 மே மாதம் ஆரம்பித்தது. அப்போது அது மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். இப்போது ஓடுவது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. 2004 ஜூலையோடு தாம்பரம் பக்கம் மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றுபோனது. அப்பா வேலை கற்றது அந்தச் சின்ன வண்டிகளில்தான். அவை கழித்துக்கட்டப்பட்டதைப் பற்றி அவர் பேசினால், யாரோ சொந்தக்காரர் செத்ததைச் சொல்கிற மாதிரி இருக்கும். தாய்லாந்து, மலேசியா, மியான்மர் மூன்றிலும் மீட்டர் கேஜ்தான். அது தெரிந்துதான் 'ரயில்லயே போறோம்' என்று குதித்திருக்கிறார் மனிதர்!

பாங்காக்கை அவர்கள் சுற்றிய விதமே தனி. டாக்ஸியே இல்லை. சான் சேப் கால்வாயில் ஓடுகிற மோட்டார் படகில் போயிருக்கிறார்கள். தண்ணீர் தெறிக்காமல் இருக்க, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். அந்த டியூட்டியை அம்மா எடுத்துக்கொண்டார். "வாசனை நம்ம கூவம்தான்டி. ஆனா இவங்க அதுல படகு விட்டு ஆபீஸ் போறாங்க" என்றார் போனில். சிலோம் ரோட்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய்லாந்துப் பெண்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நின்றதைப் பார்த்து அம்மாவுக்கு ஆச்சரியம். எட்டுப் பேர் படுக்கிற டார்மிட்டரியில் ஒரு ஜெர்மன் பெண்ணின் கிழிந்த பையை அம்மா தைத்துக் கொடுக்க, அவள் பதிலுக்குத் துணி காயப்போடுகிற ரப்பர் கயிறு ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். இப்போது எங்கள் மாடியில் அதில்தான் என் துணி காய்கிறது.

நாலாவது நாள் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரிக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு மட்டும்தான், வெளிநாட்டவருக்கு 100 பாட். ஏ.சி. கிடையாது, திறந்த ஜன்னல், கூடையோடு ஏறி இறங்குகிற வியாபாரிகள். மிளகாய்த் தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிடுகிற கொய்யா! "நம்ம செங்கல்பட்டு வண்டியில உக்காந்திருக்கற மாதிரியே இருக்குடி. சமோசாதான் இல்ல" என்று அம்மா. ஜன்னலுக்கு வெளியே வயல், வாழை, கரும்பு. அதுவரைக்கும் நல்ல டூர்தான்.

காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்தில் டூரிஸ்ட்டுகள் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார்கள். வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஓரத்தில் மேடை இருக்கிறது. வீடியோ காலில் பாலத்தைப் பார்த்ததும் என் சிவில் மூளை விழித்துக்கொண்டது. "அப்பா, வளைவா இருக்கற ஸ்பான் எல்லாம் பழசு. நடுவுல மூலை மூலையா ரெண்டு இருக்கு பாருங்க, அது 1945-ல குண்டு போட்டு உடைச்சதுக்கப்புறம் மாட்டினது" என்று வகுப்பே எடுத்தேன். அப்பா வழக்கமாக நாலு கேள்வி கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

உங்களில் பலருக்கு இந்தப் பாதை ஒரு பழைய ஹாலிவுட் படமாகத்தான் தெரிந்திருக்கும். அதில் விசில் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். நிஜக் கணக்கு வேறு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். காட்டையும் மலையையும் வெட்டி, 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல், அதில் 12 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி. அவர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம் பேர் வரை என்று மதிப்பீடு. மலாய், பர்மிய, ஜாவா மக்களோடு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பெருங்கூட்டம். காலரா, மலேரியா, பட்டினி, அடி. கைதிகளிடமாவது ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார்.

அப்பா ஏன் கேள்வி கேட்கவில்லை என்று பின்னால் சொன்னார். அவ்வளவு வேகமாக ரயில் போட ஜப்பானியர்களுக்குத் தண்டவாளம் எங்கிருந்து கிடைத்தது? மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மீட்டர் கேஜ், அப்படியே பொருந்திவிட்டது. "ஆளுங்களையும் அங்கேர்ந்து பெயர்த்தான், தண்டவாளத்தையும் அங்கேர்ந்து பெயர்த்தான். நான் வேற நம்ம கேஜ், நம்ம கேஜ்னு குதிச்சுக்கிட்டு இருந்தேன் பாரு."

செவன் லெவன் படையல்

ஊர் நடுவில் போர்க் கல்லறை. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. அம்மா ஒவ்வொரு வரிசையாக நடந்தாராம். 22, 24, 21... "உன் வயசுப் பசங்கடி" என்றார். ஆனால் அவர் தேடி வந்தது அங்கே இல்லை என்பது அவருக்கும் தெரியும். பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்று ஒரு புத்த கோயில். பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளைப் புதைத்த இடம் அங்கே இருக்கிறது. 2023-ல் மலேசியத் தமிழர்கள் முயற்சியில், சயாம் ரயிலில் இறந்த தமிழர்களுக்கு நடுகல் ஒன்றும் நட்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் ஒரு நடுகல்! நம்ம ஊர் வீரனுக்கு நடுகிற அதே சமாச்சாரம்.

படையல் போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஆனால் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்? சொல்ல ஆளே இல்லை. அவரைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அம்மாவின் அப்பாவே அவரைப் பார்த்ததில்லை. அதனால் அம்மா என்ன செய்தார் தெரியுமா? எதிரே இருந்த செவன் லெவன் கடையில் நுழைந்து கண்ணில் பட்டதில் ஒவ்வொன்று எடுத்தார். வாழைப்பழம், பன், சோற்றுப் பொட்டலம், வேகவைத்த முட்டை, பிஸ்கெட், ஒரு டப்பா காபி. பில் போட்ட பெண் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தாளாம். கல்லுக்கு முன்னால் எல்லாவற்றையும் பிரித்து வைத்து, தாம்பரத்திலிருந்து கொண்டுபோன கற்பூரத்தை ஏற்றி, பாட்டியின் போட்டோவைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அப்பா பேன்ட்டோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அதை எனக்கு அனுப்பிய போட்டோவில் பின்னால் ஒரு பிட்சு கைகூப்பி நிற்கிறார்.

"ம்மா... இப்ப பாட்டி பொட்டை..." என்று இழுத்தேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"அத அழிக்க நான் யாருடி?" என்றார் அம்மா. "வந்தேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். அவ்வளவுதான்."

மறுநாள் நாம் டோக் வரைக்கும் மீதிப் பாதையில் போனார்கள். தாம் கிராசே என்ற இடத்தில் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே மரக்கால்கள் மேல் வண்டி ஊர்கிறது. எல்லோரும் செல்ஃபி எடுக்க எழுந்து நிற்க, அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாராம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

அந்த ஒரு ராத்திரி

திரும்பவும் பாங்காக் வந்து, அங்கிருந்து மலேசிய எல்லை பாடாங் பெசாருக்கு ராத்திரி வண்டி. சாயங்காலம் நாலு மணி வாக்கில் கிளம்பி மறுநாள் காலை எட்டு மணி சுமாருக்குப் போய்ச் சேரும். "ஏறிட்டோம்" என்று ஒரு மெசேஜ். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒற்றை டிக்!

அன்றைக்குப் பார்த்துத் தாம்பரத்தில் மழை. பன்னிரண்டு மணிக்கு போன் செய்தேன், போகவில்லை. இரண்டு மணிக்கு மறுபடி. அம்மா மாத்திரை போட்டாரா, எல்லையில் பிடித்து வைத்துவிட்டார்களா, ரயிலில் யாராவது பையை அடித்துவிட்டார்களா என்று மண்டைக்குள் சீரியல் ஓடுகிறது. காலேஜ் கல்ச்சுரல்ஸ் முடிந்து போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுப் பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு வருகிறவள் நான். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் குடையோடு அப்பா நிற்பார், 'ஏம்பா ஓவரா பண்றீங்க' என்பேன். இப்போது நான் ஹாலில் நடக்கிறேன், பாட்டி படத்திலிருந்து பார்க்கிறார். சேதி வராமல் ஒரு ராத்திரி எனக்கே இப்படி. அவருக்கு ஐம்பது வருடம்.

நாலரை மணிக்குத் தெரு முனையில் தண்ணீர் பளபளத்தது. பயந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, இருந்த பேப்பர், போட்டோ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் ஏற்றினேன். கூழாகிக் காய்ந்து அட்டை மாதிரி ஆன அந்தக் கடிதத்தையும் அம்மா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதையும் சேர்த்துக் கட்டினேன்.

ஒன்பதரைக்கு போன் அடித்தது. தாய்லாந்து சிம்மில் டேட்டா முடிந்துவிட்டதாம், அப்பா போனில் சார்ஜ் இல்லையாம், பட்டர்வொர்த் வந்து வைஃபை பிடித்தார்களாம். எவ்வளவு அலட்சியம்! நான் கத்த வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டார்: "தெருவுல தண்ணி ஏறிடுச்சா? நியூஸ்ல மழைன்னு போட்டிருக்கான்."

அந்தப் பாதையில் இன்னொன்று நடந்திருக்கிறது. பாடாங் பெசாரில் ஒரே ஸ்டேஷனுக்குள் இரண்டு நாட்டுக் குடியேற்ற கவுன்டர்களும் இருக்கின்றன. முத்திரை குத்திக்கொண்டு அடுத்த பிளாட்பாரத்தில் நின்ற மலேசிய மின்சார ரயிலில் ஏறியிருக்கிறார்கள். அது நம்ம பீச் வண்டி மாதிரி நின்று நின்று போகிறது. நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஒலிபெருக்கி பெயர் சொல்ல, அம்மா எழுந்து நின்றுவிட்டாராம். சுங்கை பட்டாணி. கதவு திறந்தது, மூடியது. ஜன்னல் வழியே கட்டடங்களும் செம்பனை மரங்களும் போயின.

பினாங்கில் மூன்று நாள் தங்கி, அதில் ஒரு நாள் அதே ரயிலில் சுங்கை பட்டாணிக்குத் திரும்பிப் போனார்கள். எந்தத் தோட்டம் என்று தெரியாது, அதனால் எதையும் தேடவும் முடியாது. ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனையும் வீட்டு மனையுமாக மாறியிருக்கிறது. ஒரு சாப்பாட்டுக் கடையில் தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் அப்பா. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தாத்தாவும் சயாம் போனவருதான். அவரு திரும்பி வந்தாரு. ஆனா சாகற மட்டும் அதப் பத்தி வாயே திறக்கல" என்றாராம். இரண்டு குடும்பத்துக்கும் கிடைத்தது ஒரே அளவு சேதிதான்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், பத்துமலை 272 படி எல்லாம் ஏறி இறங்கினார்கள். திருநீர்மலை டிரெயினிங்குக்கு அது ஜுஜுபி என்று அம்மா சொல்லச் சொன்னார். அதையெல்லாம் நீங்கள் கூகுளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாம் நாள் விடியற்காலை திரிசூலம் ஸ்டேஷனில் அவர்களை அழைக்கப் போனேன். இரண்டு பேரும் கறுத்து, இளைத்து, ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு சுரங்கப்பாதையிலிருந்து ஏறி வந்தார்கள். முதல் தாம்பரம் வண்டியில் உட்கார இடம் இருந்தும் அப்பா வாசலில் நின்றபடியே வந்தார்.

பைகள் இரண்டும் இப்போது பாட்டி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. பல்லாவரம் சந்தையில் திருப்பி விற்றுவிடலாம் என்று நான் ஐடியா கொடுத்தேன், அம்மா காதில் வாங்கவில்லை. போன வாரம் கையில் காபியோடு வந்து, "ஏன்டி, வியட்நாம்ல ரயிலு என்ன கேஜ்?" என்றார்.

நான் தேடுவதற்குள் உள்ளே இருந்து அப்பா குரல் வந்தது.

"மீட்டர் கேஜ்தான். பாத்துட்டேன்!"

போச்சுடா... என் ஸ்கூட்டி!